துரைக்கு வெறும் வயிறு

துரை என்பது அந்த வீட்டு நாயின் பெயர். குட்டியாக வந்து சேர்ந்த அன்றே சோபாவில் ஏறி நடுவில் சாய்ந்து படுத்துக்கொண்டதைப் பார்த்து, "வந்துட்டாருப்பா துரை, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க" என்றான் அந்த வீட்டு மகன். பெயர் ஒட்டிக்கொண்டது. பெயர் வைத்தவன் இப்போது இல்லை. ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில், ஆஸ்பத்திரியில் சேர்த்த சூட்டோடு சூடாகப் போய்விட்டான். மூன்றாம் மாடியில் இருந்த அந்த வீட்டில் மிஞ்சியவர்கள் அவனுடைய அப்பா, அவனுடைய மனைவி, துரை.

அப்பா வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் பேசுவதைக் கேட்டே சம்பளம் வாங்கியவர் என்பதால் தான் பேசுவதை ஒரு செலவாகவே நினைத்தார். பேட்டி முடிந்து எல்லாரும் எழுந்து போன பிறகு ஆளில்லாத அறையைக் கொஞ்ச நேரம் பதிவு செய்து வைத்துக்கொள்வது அவருடைய தொழிலில் வழக்கம். பேச்சை வெட்டி ஒட்டும்போது நடுவில் இடைவெளி வேண்டுமென்றால் அந்த அறையின் மௌனத்தையே எடுத்து வைக்க வேண்டும். வேறு அறையின் மௌனத்தை வைத்தால் கேட்கிறவனின் காது இடறும். மகன் போன பிறகு வீட்டின் மௌனம் வேறு அறையிலிருந்து கொண்டுவந்து ஒட்டியது போலத்தான் அவருக்கு இருந்தது. நாளடைவில் காது அதற்கும் பழகிவிட்டது.

மருமகள் ஒரு பெரிய ஓட்டலில் சலவைப் பிரிவுக்கு மேற்பார்வையாளர். விடிவதற்குள் கிளம்பிப் போவாள். திரும்பி வரும்போது நீராவியும் கஞ்சியும் கலந்த ஒரு வாசனை அவளோடு படியேறி வரும். இருவருக்கும் சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் நேருக்கு நேர் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் மூன்றாவது வாக்கியத்தில் அவன் வந்து நடுவில் உட்கார்ந்துகொள்வான். அதற்குப் பயந்து இருவரும் நாயிடம் பேசினார்கள்.

"துரை, தாத்தா மாத்திரை போட்டாராமா?" என்பாள் அவள்.

"துரை, உங்கம்மாவக் குடை எடுத்துட்டுப் போகச் சொல்லு. வானம் சரியில்ல" என்பார் இவர்.

துரை இரண்டு பக்கமும் பொதுவாக வாலை ஆட்டும்.

போகப் போக இதில் ஒரு குறுக்கு வழியும் பிறந்தது. பெரியவருக்குச் சர்க்கரை உண்டு. சமையலறை மேல்தட்டில் இருந்த பிஸ்கட் டப்பாவின் மேல் ஆசையும் உண்டு. "துரை நேத்து டப்பாவத் திறந்தாரு போலிருக்கே, அடி தெரியுது" என்று நாயின் முகத்தைப் பார்த்து அவள் சொன்னால் அது நாய்க்குச் சொன்னது இல்லை. நாய்க்கு மேல்தட்டு எட்டாது. பெரியவர் வாயைத் துடைத்துக்கொண்டு பேப்பருக்குள் தலையை விட்டுக்கொள்வார். அப்படியாக வீட்டில் இரண்டு துரைகள் ஆகிவிட்டார்கள். எந்தச் சொல் எந்தத் துரைக்கு என்பது வார்த்தையில் இருக்காது, தொனியில் இருக்கும். அதைப் பிரித்துக் கேட்பதில் பெரியவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. சோறு போட்ட காது அது.

துரைக்கு உடம்பு சரியில்லாமல் போனது சமீபத்தில்தான். முதலில் தட்டில் மிச்சம் வைத்தது. பிறகு தட்டை முகர்ந்துவிட்டு விலகிப் படுத்தது. ஈறு வெளிறிப் போனது. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் வயிற்றை அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் தடவிப் பார்த்தார். "இடது பக்கம் கைக்கு ஏதோ தட்டுப்படுது. மண்ணீரலா இருக்கலாம். ஸ்கேன் பண்ணாம நான் எதுவும் சொல்லக் கூடாது" என்றார். ஸ்கேன் செய்கிற டாக்டர் வேறு. மிஷினைக் காரில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாள் ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர். இங்கே வாரத்தில் ஒரு நாள்தான் வருவார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் மருமகள் துரையின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். பெரியவர் உள்ளறையில் இருந்தார். கதவு ஒருக்களித்திருந்தது.

"நீ இருக்கிற வரைக்கும்தான் துரை நான் இங்க" என்றாள்.

அவ்வளவுதான். தொனியில் சந்தேகத்துக்கே இடமில்லை. அது நாய்க்குச் சொன்னது. வேறொரு ஊரில் அவர்களுடைய ஓட்டல் புதிதாகத் திறக்கப் போகிறது, அங்கே சலவைப் பிரிவு முழுவதையும் அவளிடமே கொடுப்பதாகச் சொல்கிறார்கள் என்பதெல்லாம் அவள் தன் அக்காவோடு போனில் பேசும்போது அவர் காதில் விழுந்திருந்தது. அவரிடம் அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. இப்போது கணக்கு புரிந்துவிட்டது. இந்த நாய் உள்ளவரை அவள் இருப்பாள். அது போனால் போவாள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் பேசுவதற்கு யாரும் இல்லை என்பதுகூடப் பெரிதில்லை. பேசாமல் இருப்பதற்கும் ஒருவர் எதிரில் வேண்டியிருக்கிறதே. தனியாக இருக்கிறவன் பேசாமலிருப்பதற்கு மௌனம் என்று பெயர் சொல்ல முடியுமா என்று அவர் பல நாள் யோசித்துப் படுத்திருந்தார்.

ஸ்கேனுக்கு முந்தின நாள் மாலை. மருமகள் மறுநாளுக்கான சீருடைச் சேலையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இவருக்கு முதுகைக் காட்டி நின்றாள். நாய் அவள் காலடியில் கிடந்தது.

"நாளைக்குக் காலையில எந்திரிச்சதும் டப்பாவத் திறக்கிற வேலையெல்லாம் வேண்டாம், துரை. வெறும் வயிறு. பச்சத் தண்ணி மட்டும்தான். நான் வந்து கூட்டிட்டுப் போற வரைக்கும் வாய மூடிட்டு இருக்கணும். சொல்லிட்டேன்."

இஸ்திரிப் பெட்டி துணியை அழுத்திப் போன சத்தத்தில் தொனி கொஞ்சம் மங்கிவிட்டது. ஆனால் டப்பா என்ற சொல் அவருக்குத் தெளிவாகக் கேட்டது. தனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டார். அவருடைய ரத்தப் பரிசோதனைக்கு நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. நாய் ஆஸ்பத்திரிக்கு அடுத்த கட்டடமே பரிசோதனை நிலையம். போகிற போக்கில் தனக்கும் ரத்தம் எடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று திட்டம் போட்டிருக்கிறாள். இத்தனை கவலையிலும் தன் ரத்தத்தை நினைத்துக்கொண்டிருக்கிறாளே என்று அவர் நெகிழ்ந்துபோனார். "சரி" என்றார். அவள் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அவளுக்கும் அந்த "சரி" போதுமானதாக இருந்தது.

காலையில் அவள் போன பிறகு பெரியவர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். மாத்திரையும் போடவில்லை. அவர் எதையும் செய்தால் ஒழுங்காகச் செய்கிறவர். நாய் பால்கனிக் கதவோரம் வெயிலில் கிடந்தது. முதுகெலும்பு ரோமத்துக்குள் மேடு தட்டித் தெரிந்தது. வயிறு மட்டும் வேறு யாருடையதோ போலப் பருத்திருந்தது. நாள்தோறும் போல அதற்கு இரண்டு முட்டையை வேகவைத்து உதிர்த்து, ரொட்டியைப் பாலில் ஊறவைத்துப் பிசைந்து கொண்டுபோய் வைத்தார். வீணாகத்தான் போகும் என்று தெரியும். இருந்தாலும் வைக்காமல் எப்படி இருப்பது?

துரை முகர்ந்தது. அவரைப் பார்த்தது. நக்கியது.

அவர் அசையாமல் இருந்தார். ஒலிப்பதிவில் பாடகர் நல்ல இடத்தைத் தொடும்போது இவர் மூச்சை அடக்குவாரே, அப்படி. துரை மெதுவாக, ஒரு பக்கத்துப் பல்லால் தின்றது. தட்டு பாதி காலியானது. அவர் விரலில் எடுத்து நீட்டினார். அதையும் வாங்கிக்கொண்டது. கடைசியில் தட்டைத் தள்ளிக்கொண்டே போய் நாற்காலிக் காலில் முட்டி நிறுத்தி, வழித்து நக்கியது.

"துரை, துரை" என்றார். வேறு வார்த்தை வரவில்லை. அவருக்குப் பசித்தது. அந்தப் பசியோடு அதன் நெற்றியைத் தடவிக்கொண்டே வெகுநேரம் தரையில் உட்கார்ந்திருந்தார். மகன் போன பிறகு இவ்வளவு சந்தோஷமாக ஒரு காலை அவருக்கு வாய்க்கவில்லை.

வெயில் ஏறிய பிறகு போன் வந்தது. பின்னால் துவைக்கும் மிஷின்களின் இரைச்சல்.

"இதோ கிளம்புறேன்" என்றாள். "ஒண்ணும் சாப்பிடலையே?"

"இல்லம்மா."

"தண்ணி?"

"காலையில ஒரு டம்ளர்."

"டம்ளரா?" சிரித்தாள் போலிருந்தது. "சரி. வெளிய கூட்டிட்டுப் போக வேண்டாம். நான் வந்துடுறேன்."

தமிழில் இப்படிப் பேச முடியும். யார் சாப்பிடவில்லை, யார் தண்ணீர் குடித்தது என்று வாய்விட்டுச் சொல்லாமலே ஒரு குடும்பம் வருஷக்கணக்கில் ஓடிவிடும். அந்த வீடு அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. முட்டையைப் பற்றி அப்போதே சொல்லத்தான் அவருக்கு நாக்குத் துடித்தது. ஆனால் அதை மிஷின் இரைச்சலில் சொல்ல மனம் வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டார்.

அவள் வந்ததும் அவசரம் பிடித்துக்கொண்டது. பழைய போர்வையின் நான்கு முனைகளையும் சேர்த்துத் தொட்டில் போலப் பிடித்து, நாயை அதில் கிடத்திப் படியிறங்கினார்கள். கீழ்வீட்டுத் தையல்காரம்மா வாசலில் ஊசி கோத்துக்கொண்டிருந்தாள்.

"பேருக்கேத்த மாதிரி தூக்கிட்டுப் போறீங்களே! நமக்கெல்லாம் இப்படி யாராவது தூக்க இருக்காங்களா?" என்றவள், போர்வைக்குள் தலை தொங்குவதைப் பார்த்ததும் ஊசியைக் கீழே வைத்தாள். "நல்லபடியா வருவான், போங்க" என்றாள், குரலை இறக்கி.

காரில் மருமகள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். முகம் கிடைக்கவில்லை. பெரியவர் முட்டைச் செய்தியை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் உதவியாளப் பெண் ஒருத்தி மேஜையில் துரையைக் கிடத்தினாள். கைக்குள் அடங்கிய ரோமம் வெட்டும் மிஷினை எடுத்து வயிற்றில் ஓட்டினாள். சாம்பல் நிறச் சுருள்கள் மேஜையிலிருந்து தரைக்கு உதிர்ந்தன. அடியில் இளஞ்சிவப்பாய், புள்ளி புள்ளியாய், யாரும் அதுவரை பார்த்திராத தோல் வெளிப்பட்டது. பெரியவர் பார்வையை வேறு பக்கம் திருப்பினார். துணியில்லாமல் கிடப்பது போல் இருந்தது அவருக்கு.

"எதுக்கு இவ்வளவு மழிக்கணும்?" என்று கேட்டாள் மருமகள்.

"முடிக்குள்ள காத்து நிக்கும். காத்து இருந்தா சவுண்டு உள்ள போகாது, படம் வராது. அதுக்குத்தான் மேல ஜெல்லும் தடவுறது. வெளிய கூட்டிட்டுப் போகலையே? மூத்திரப்பை நிறைஞ்சிருந்தாத்தான் நல்லாத் தெரியும்."

"போகல."

"வெறும் வயிறுதானே?"

"ஆமா."

பெரியவர் அந்தக் கேள்வியைக் கவனிக்கவில்லை, அப்போதுதான் அவருக்கு மருமகளின் முகம் கிடைத்தது.

"இன்னைக்குச் சாப்பிட்டான்மா!" என்றார். "ரெண்டு முட்டை. ரொட்டி, பால். ஒரு துளி மிச்சம் வைக்கல. தட்ட நக்கித் தள்ளிக்கிட்டே போயிட்டான்னா பாரேன்."

உதவியாளப் பெண் மிஷினை நிறுத்தினாள். அது நின்ற பிறகுதான் அது போட்டுக்கொண்டிருந்த சத்தம் எவ்வளவு பெரியது என்று தெரிந்தது.

ஸ்கேன் டாக்டர் வந்தார். குட்டையான, களைத்த பெண்மணி. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வந்தது வந்துட்டீங்க, வச்சுப் பார்ப்போம்" என்று வயிற்றில் கருவியை வைத்தார். திரையில் வெள்ளைப் புகைமூட்டம்.

"பாருங்க. வயிறு ரொம்பி இருக்கு. சாப்பாடு, அதோட காத்து. இந்தப் புகைக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. குத்துமதிப்பாச் சொல்ற ஆள் நான் இல்ல."

"அடுத்த வாரம் வரைக்கும்..." என்று ஆரம்பித்து, மருமகள் முடிக்கவில்லை.

டாக்டர் நாயின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். "வேண்டாம். இங்கயே உட்காருங்க. எல்லாக் கேஸும் முடியட்டும். கடைசியா ஒரு தடவை வச்சுப் பார்க்கிறேன். தெரிஞ்சா இவனோட அதிர்ஷ்டம்."

காத்திருப்போருக்கான அறையில் நீளமான பெஞ்சு ஒன்று கிடந்தது. துரையைப் போர்வையோடு அதன் நடுவில் கிடத்தினார்கள். அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் இவர். எதிரில் ஒரு பூனை கூடைக்குள்ளிருந்து ஊரையே வைதுகொண்டிருந்தது.

"எவ்வளவு தெளிவாச் சொன்னேன்" என்றாள் அவள். முதல் தடவையாக நாயைப் பார்க்காமல் அவரைப் பார்த்தாள். "நேத்து அவ்வளவு தெளிவாச் சொன்னேனே. நீங்களும் சரின்னீங்களே. போன் பண்ணி வேற கேட்டேன். சாப்பிடலன்னு சொன்னீங்களே மாமா!"

"நான் சாப்பிடலம்மா."

"அவன் சாப்பிட்டிருக்கானே!"

"நான் சாப்பிடல. நீ எனக்குச் சொன்னேன்னு நினைச்சேன். டப்பா, துரைன்னு... ரத்தம் எடுக்கக் கூட்டிட்டுப் போறேன்னு."

"டப்பாவத் திறந்து அவனுக்கு பிஸ்கட் போடாதீங்கன்னுதான் மாமா சொன்னேன்" என்றவளுக்குப் பிறகுதான் அவர் சொன்னது உறைத்தது.

"காலையில இருந்தா?"

"ஒரு டம்ளர் தண்ணி. அதான் போன்ல சொன்னேன்ல."

"மாத்திரை?"

"வெறும் வயித்துல எப்படிப் போடுறது?"

அந்தப் பக்கமாகத் துடைப்பத்தோடு போன உதவியாளப் பெண் நின்று, சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் போய், "அப்ப உங்களத்தான் மேஜையில ஏத்தணும் தாத்தா. படம் பளிச்சுனு வரும்" என்றாள். மருமகளுக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு போலத்தான் ஆரம்பித்தது. பாதியில் அது வேறாகி, அவள் முந்தானையால் முகத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பிறகு எழுந்து வேகமாக வெளியே போனாள். எதிர்க்கடையில் பன்னும் டீயும் வாங்கி வந்து அவர் கையில் வைத்தாள்.

"சர்க்கரை போடல" என்றாள்.

"டீயே இல்ல இது, வெந்நீர்" என்றார் அவர்.

"குடிங்க பேசாம."

அவர் பேசாமல் குடித்தார். பன்னைப் பிய்க்கும்போது துரை தலையைத் தூக்கிப் பார்த்தது. இருவரும் ஒரே நேரத்தில் "வேண்டாம்" என்றார்கள். அது தலையைத் திரும்பக் கீழே போட்டுக்கொண்டது.

பூனை போயிற்று. ஒரு முயல் வந்தது, அதுவும் போயிற்று. பெரியவர் தன் காதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நாள் கர்வப்பட்டுக்கொண்டிருந்த காது இஸ்திரிப் பெட்டியின் சத்தத்தில் ஏமாந்திருக்கிறது. அப்படியானால் வேறு எது எதைத் தப்பாகக் கேட்டதோ? ஒருக்களித்த கதவின் வழியாகக் கேட்ட அந்த ஒரு வாக்கியம் நினைவுக்கு வந்தது. அதிலும் துரை என்றுதானே சொன்னாள். மனதுக்குள் மெல்ல ஒரு ஆசை தலைதூக்கியது. அந்த ஆசையே அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் கேட்காமல் இருப்பதன் விலை என்ன என்பது பக்கத்தில் வயிறு மழிக்கப்பட்டுக் கிடந்தது.

"அன்னைக்கு டாக்டர்கிட்ட போயிட்டு வந்தப்ப ஒண்ணு சொன்ன" என்றார். "நீ இருக்கிற வரைக்கும்தான் துரை நான் இங்கன்னு. அது... அது யாருக்குச் சொன்னது?"

பொய் சொல்லலாமா என்று அவள் நினைத்துப் பார்ப்பது அவருக்குத் தெரிந்தது. அவளுடைய மூச்சு உள்ளே போய் வெளியே வருவது கேட்டது.

"அவன்கிட்டதான் மாமா சொன்னேன்."

"ம்."

"உங்ககிட்ட இல்ல."

"சரிம்மா."

கேட்டது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. அவர் டீ டம்ளரின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலித்தது. ஆனால் நேராக வந்த பதில் என்பதால் வலியிலும் ஒரு சுத்தம் இருந்தது.

"வேற ஊர்ல வேலை வருது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், போன்ல பேசினேனே."

"தெரியும்."

"போகணும்னு இருக்கு. அந்த வீட்டுல எனக்கு மூச்சு முட்டுது மாமா. எந்தக் கதவத் திறந்தாலும் அவர் உள்ள இருக்கிற மாதிரி இருக்கு. திறந்தா இல்ல. ஒவ்வொரு தடவையும் இல்ல." அவள் துரையின் காதை மடித்து மடித்து விட்டாள். "இவன் வயசானவன், இவன இழுத்துட்டுப் போக முடியாதுன்னு தள்ளிப் போட்டேன். இவன ஒரு சாக்கா வச்சுக்கிட்டேன். உங்களையும் கூப்பிடலாமான்னு யோசிச்சேன். கூப்பிட்டா வர மாட்டீங்கன்னு நானே முடிவும் பண்ணிக்கிட்டேன். கேட்காம இருக்க அது வசதியா இருந்துச்சு."

பெரியவர் நிமிர்ந்தார். இத்தனை நாள் அவள் போவாளா இருப்பாளா என்று மட்டுமே படுத்துப் படுத்து யோசித்தவர் அவர். அந்த யோசனையில் அவர் ஒரு நாற்காலி மாதிரி, வீட்டோடு இருந்தார். தனக்கும் கால் இருப்பது அதுவரை அவருக்குத் தோன்றவில்லை.

"கூப்பிட்டா வருவீங்களா?" என்றாள்.

வீடு அவர் கண்முன் வந்தது. பால்கனி வெயில். மகன் உயரம் குறித்த கதவுச் சட்டம். ராத்திரி விளக்கணைத்த பிறகு ஒவ்வொரு அறைக்கும் இருக்கும் தனித்தனி ஓசையின்மை. அதைவிட்டு வேறோர் ஊரின், வேறோர் அறையின் மௌனத்தில் போய் இந்த வயதில் காது ஒட்டுமா?

அவர் வாயைத் திறப்பதற்குள், "துரை வீட்டுக்காரங்க, வாங்க" என்று குரல் வந்தது.

அறையில் விளக்கை அணைத்திருந்தார்கள். நடுவில் பள்ளமாக இருந்த நீளமான மெத்தையில் துரையை மல்லாத்தினார்கள். முன்னங்கால்களை அவர் பிடித்துக்கொண்டார், பின்னங்கால்களை அவள். மழித்த வயிற்றில் டாக்டர் ஜெல்லைப் பிழிந்தபோது துரையின் உடம்பு சிலிர்த்தது. பெரியவர் குனிந்து அதன் காதருகே ஏதோ முனகினார், சொல்லாக இல்லாமல், வெறும் ஒலியாக. அது அடங்கியது.

திரையில் புகை கலைந்து சாம்பல் நிறங்கள் பிரிந்தன. கருவி நகர நகர உள்ளே இருப்பவை வந்து வந்து போயின. டாக்டர் வாயே திறக்கவில்லை. இந்த மௌனம் பெரியவருக்குத் தெரிந்தது. நல்ல ஒலிப்பதிவாளன் வேலையில் இருக்கும்போது வரும் மௌனம் அது. காதுக்கு எட்டாத ஒலியை உள்ளே அனுப்பி, திரும்பி வருவதை வைத்து உருவம் போடுகிறார்கள். எதிரொலி வராத இடத்தில் படமும் இல்லை. இவ்வளவுதான் விஷயமா என்று ஒரு கணம் அவருக்கு எல்லாவற்றையும் பற்றித் தோன்றி மறைந்தது.

"இதோ" என்றார் டாக்டர். கருவி ஒரே இடத்தில் நின்றது. "மண்ணீரல்ல கட்டி. எலுமிச்சம்பழத்த விடக் கொஞ்சம் பெரிசு. வயித்துக்குள்ள ரத்தம் கசிஞ்ச மாதிரி தெரியல. கல்லீரல் சுத்தமா இருக்கு. அது நல்ல சேதி."

"கெட்ட சேதி?" என்றாள் மருமகள்.

"இது சாதாக் கட்டியா, புத்துநோய்க் கட்டியான்னு படத்துல தெரியாது. மண்ணீரலோட எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும். பாதிக்குப் பாதி. சும்மா ஆறுதல் சொல்ல எனக்கு வராதும்மா. எடுக்கலன்னா என்னைக்காவது ஒரு நாள் உள்ளயே உடையும். எடுத்தாப் பொழைச்சுக்கவும் வாய்ப்பிருக்கு, சில மாசம்தான்னு ஆகவும் வாய்ப்பிருக்கு."

"எடுத்துடுங்க" என்றாள். சொல்லிவிட்டு அவரைப் பார்த்தாள். "மாமா?"

"எடுத்துடலாம்" என்றார் அவர்.

"அதுவரைக்கும் குதிக்கக் கூடாது, ஓடக் கூடாது. படி ஏறி இறங்கவே கூடாது, தூக்கித்தான் போகணும். அப்புறமும் கொஞ்ச நாளைக்கு அப்படித்தான்." டாக்டர் விளக்கைப் போட்டார். கையைத் துடைத்துக்கொண்டே, "ஆபரேஷனுக்கும் வெறும் வயிறுதான் வேணும். அது யாருக்குன்னு இந்தத் தடவை வீட்ல பேசி முடிவு பண்ணிட்டு வாங்க" என்றார். சொன்னபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. உதவியாளப் பெண் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருக்கிறாள்.

வெளியே பொழுது சாய்ந்திருந்தது. முதலில் அவள் துரையைத் தெருவோர மரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அவ்வளவு நேரமும் அடக்கி வைத்திருந்ததைத் துரை நின்று நிதானமாகப் போனது. நின்றது, நின்றுகொண்டே இருந்தது. "யப்பா" என்றாள் அவள், அதன் சார்பில்.

கார் வரும்வரை நடைபாதை ஓரம் நின்றார்கள். போர்வையில் சுற்றிய துரை அவள் கையில் கனத்தது. ஜெல் முழுவதும் துடைபடாமல் அவள் சீருடையில் ஈரமாக ஒட்டியிருந்தது. வேலை விட்டுப் போகிறவர்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவள் கேட்ட கேள்வி அப்படியே இருந்தது. அவள் மறுபடி கேட்கவில்லை. மறுபடி கேட்கமாட்டாள் என்பதும் அவருக்குத் தெரிந்தது. பேசாமல் இருந்துவிட்டால் அதையே அவள் பதிலாக எடுத்துக்கொள்வாள். இத்தனை நாளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறாள். தப்பாகவும் எடுத்துக்கொண்டிருக்கிறாள், சரியாகவும் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"அந்த ஊர்ல வீடு பார்க்கும்போது கீழ்வீடாப் பாரு" என்றார்.

அவள் திரும்பினாள். போர்வையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "இவனுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது மாமா. இவன் அங்க வருவானான்னே தெரியாது."

"அது தெரியும்."

"அப்ப கீழ்வீடு யாருக்கு?"

அவர் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார்.

"எனக்கு" என்றார். "முட்டி வலிக்குதும்மா, ரொம்ப நாளா. உங்கிட்ட சொல்லல."

கார் வந்து நின்றது. அவள் துரையை அவர் கையில் கொடுத்துவிட்டு முதலில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் நீட்டினாள்.